பதிகமும் வாய்பாடும்

பாட்டு எங்ஙனம் பிறக்கின்றது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் உறுப்புக்களையும், சுரம், பண், தாளம் என்பவற்றின் அளவுகளையும் முறையாகக் கற்றவன் அவ்வளவுகளின்படி அமைப்பதே பாட்டு என்பர் ஒருசாரார். உள்ளம் நெகிழ்ந்தவிடத்துத் தானே பெருகுவது பாட்டு. இலக்கணமென்பது பின்வந்தோர் இட்ட வேலி என்பர் மற்றொருசாரார். உலகியற் பாட்டின்கண் இவ்வழக்கு எவ்வாறு முடியினும் பெரியதோர் இழப்பில்லை. தேவாரத் திருப்பதிகங்களின்கண் அஃது அங்ஙனம் அன்று. ஏட்டுப் பாடத்தை ஆராய்ந்து பதிப்பிப்போர் கையும், திருக்கோயிலில் ஓதுவார் குரலும் இவ்விரு கொள்கைகளுள் ஒன்றன்வழியே செல்லக் காண்கின்றோமாதலின், இவ்வழக்கைத் தீர ஆராய்தல் சைவர்க்குக் கடனாகின்றது. முதற்கொள்கையினர் சீர் குறைந்ததெனத் தோன்றிய இடமெல்லாம் ஓரெழுத்தை இட்டு நிரப்புவர். இரண்டாங் கொள்கையினரோ, ஏடெழுதினோன் கைப்பிழையையும் அருளாளர் உரிமையென்று போற்றிக் காப்பர். மாணாக்கர்க்குக் கட்டளை கற்பித்தல் வேண்டா, அன்பொன்றே அமையும் என்றுங் கூறுவர். முன்னையோரால் அடியார் வாக்குத் திருத்தப்படுகின்றது; பின்னையோரால் அது மறைந்தே போகின்றது.

இவ்வாராய்ச்சிக்குத் திருநாவுக்கரசு சுவாமிகளது 5ஆந் திருமுறையைப் போலத் துணையாவது பிறிதில்லை. அத்திருமுறையின் 100 பதிகங்களும் திருக்குறுந்தொகை என்னும் ஒரே யாப்பின. அவ்யாப்பின் அடி நாற்சீரால் நடப்பது. முதற்சீர் மாச்சீராக, ஏனைய மூன்றும் பெரும்பான்மை விளச்சீராக வரும். ஒற்றெழுத்துக்களை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடி 11 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடி 12 எழுத்தும் உடையதாக நிற்கும். இதனைக் கற்றவர் எவரும் விரல்விட்டு எண்ணிக் காணலாம்.

இனி, அத்திருமுறையின் 90ஆவது பதிகத்தை எடுத்துக்கொள்க. சமணர் ஏவலால் அரசன் ஆட்கள் சுவாமிகளை நீற்றறையில் இட்டு அடைத்து ஏழு நாள் வைத்தனரென்றும், அவ்வெப்பத்தினிடையே அவர் இறைவன் திருவடி நிழலின் தண்மையைப் பாடி இனிதிருந்தனரென்றும் பெரியபுராணம் கூறும். அந்நிலையிற் பாடியருளியது இப்பதிகம். இதன் முதற்பாட்டின் நான்கு அடிகளும் நேரசையில் தொடங்குகின்றன. நான்கும் 11 எழுத்துக்களே. இரண்டாம் பாட்டின் நான்கு அடிகளும் நிரையசையில் தொடங்குகின்றன. நான்கும் 12 எழுத்துக்களே. சுண்ணக் காளவாயில் அடைபட்ட ஒருவர் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தார் என்று கூறுதற்கு எவர்க்கு நாவெழும்? எண்ணவில்லை என்றாலோ, எண்ணினாலன்றி அமையாத செம்மை அங்கே எவ்வாறு வந்தது?

இன்னும் நுணுகி நோக்குதல் வேண்டும். முதற்பாட்டின் நடு இரண்டடிகளும் மா ஒன்றும் விளம் மூன்றுமாகிய வாய்பாட்டிற்கு முற்றும் இயைந்து 2, 3, 3, 3 என்னும் எழுத்தளவிற் செல்கின்றன. முதலடியோ அங்ஙனம் செல்லாது 2, 3, 2, 4 என்று செல்கின்றது. நான்காமடி 2, 2, 4, 3 என்று செல்கின்றது. வாய்பாட்டை மட்டும் கையிற் பிடித்து வருவோன் இவ்விரண்டிடத்தும் விளச்சீர் நிற்கவேண்டிய நிலையில் மாச்சீர் நிற்கக் கண்டு பாடத்தை ஐயுறுவான். ஐயத்திற்கு இடமே இல்லை. ஒருசீரிற் குறைந்த ஓரெழுத்தை அடுத்த சீர் ஏற்றுக்கொள்கின்றது. தேமாவின் பின் கருவிளம் வந்து நிரையசையால் அவ்விடத்தை நிரப்புகின்றது. அடியின் மொத்தம் 11 என்பது ஒரு மயிரிழையும் பிறழவில்லை. எனவே, சுவாமிகள் திருவுள்ளத்தின்கண் நின்று இயக்கியது சீர்வாய்பாடு அன்று. அடி முழுதும் ஒன்றாய் ஓடும் ஓசை. அவ்வோசையைச் சீராகத் துணித்துப் பெயரிட்டது இலக்கணம். துணித்த துண்டங்களைக் கொண்டு ஓசையை அளக்கப் புகுவதும், ஓசைக்கு அளவே இல்லை என்று விடுவதும் ஆகிய இரண்டும் இவ்வொரு பாட்டின்முன் நில்லா.

திருநாவுக்கரசர் கல்லாதவர் அல்லர். தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியில் தலைமை பெற்றிருந்தவர். பல கலைகளிலும் வல்லவர். ஆகவே பயின்ற பயிற்சியே நீற்றறையிலும் நின்றது என்று முதற்கொள்கையினர் கூறலாம். கூறின், அதற்கு விடை சீகாழியிலுள்ளது. திருஞானசம்பந்தர் மூன்றாம் ஆண்டில், எழுத்தறியும் பருவத்திற்கு முன்னரே, முதற்பதிகத்தைப் பண்ணமைதியோடு பாடினர் என்பது சைவவுலகம் அறிந்தது. இதுகொண்டு இரண்டாங் கொள்கையினர் வெற்றி கொண்டாடுதலும் பொருந்தாது. பயிலாது பாடிய அப்பிள்ளையாரே யாப்பின் கட்டுப்பாடுகளுள் மிக இறுக்கமானவற்றை யெல்லாம் கையாண்டவர். ஓரடியே நான்கு முறை மடங்கி வந்து நான்கு பொருள் தரும் திருவேகபாதம், எண்கள் ஏறியும் இறங்கியும் வரும் திருவெழுகூற்றிருக்கை, ஈற்றிலிருந்து முதல்வரை எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படிப்பினும் அப்பாட்டேயாகும் திருமாலைமாற்று என்பவை அவர் திருவாக்கிற் பிறந்தன. கலைகளையெல்லாம் கற்றுத் துறைபோய அரசரோ ஏழையும் பாடத்தக்க எளிய நெறியிலே மிகப் பல பாடினர். கற்றவர் எளிமையிலும் கல்லாதவர் அருமையிலும் நிற்கும் இம்மாறாட்டம் இருசாரார் கொள்கையையும் ஒருங்கே தடுமாறச் செய்கின்றது. இதனை இருவரும் பேசாது விடுதல் வியப்பன்று.

சேக்கிழார் சுவாமிகள் இவ்வருஞ் செய்யுள்வகைகளை நிரலே எண்ணி, அவற்றை மூல இலக்கியம் என்று பெயரிட்டனர். அச்சொல்லின் ஆற்றலைக் கருதுக. தொல்காப்பியம் ஆசிரியம், வெண்பா, கலி, வஞ்சி என்னும் பாக்களை வகுத்து ஓதிற்று. பாக்களுக்கு இனமாகத் தாழிசை, துறை, விருத்தம் என்பவற்றை நிறுத்தி விரித்தது யாப்பருங்கலம் முதலாய பிற்கால நூல். அமிதசாகரர் அந்நூலையும் காரிகையையும் இயற்றியது, மூவர் காலத்துக்குப் பல தலைமுறை பின்னராம். 7ஆம் நூற்றாண்டிற் பாடப்பெற்ற பதிகத்தை அக்காரிகையின் சூத்திரங்கொண்டு வழுவென்றும் வழாநிலையென்றும் தீர்ப்புக் கூறுதல், மகனது சாயல் தந்தைக்கு இல்லையென்று தந்தையைப் பழிப்பதுபோலும்.

எழுத்தளவு ஒருபுறமிருக்க, பாட்டியல் நூல்கள் முதற்சொல்லுக்கும் விதி கூறும். மங்கலம், சொல், எழுத்து, தானம் முதலாகப் பத்துப் பொருத்தங்களை அவை எண்ணும். சீர், பொன், பூ, திரு, உலகு முதலாயினவற்றை மங்கலச்சொல் என்று நிரல்படுத்தும். இறைவனே முதற்சொல் எடுத்துக்கொடுத்த இரண்டு நிகழ்ச்சிகள் சைவ மரபிற் பெரிதும் போற்றப்படுவன. தில்லையிற் சேக்கிழாருக்கு அருளிய சொல் உலகத்தைச் சுட்டுவது. அது மங்கலச்சொற்களின் வரிசையில் உள்ளது. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அருளிய சொல்லோ, அவர் வழக்காடிய சினத்தில் இறைவனை நோக்கி வைத வசைச்சொல். பித்தனென்று சொன்னாயாதலின் அவ்வாறே தொடங்குக என்றனன் பெருமான். எந்தப் பாட்டியல் நூலும் அதனை மங்கலமென்று கொள்ளாது. ஒரே கொடையாளி ஒருவர்க்கு விதியுள் அடங்கிய சொல்லையும் மற்றொருவர்க்கு விதியுள் அடங்காத சொல்லையும் ஈந்தனன். விதியைப் பின்பற்றுதலும் விதியை மீறுதலும் அருளுக்கு அடையாளமல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டா. மீறினாலன்றி மெய்ப்பாட்டு ஆகாது என்று இக்காலத்துப் பேசுவோர் சேக்கிழார்க்கு அருளிய சொல்லையும் உடன்வைத்து எண்ணுவாராக.

திருஞானசம்பந்தர் பதிகங்களில் ஓசையினளவன்றிப் பொருளிலும் ஓர் அச்சு அமைந்திருக்கின்றது. எட்டாம் பாட்டு இராவணனை அடர்த்து அருளியதையும், ஒன்பதாம் பாட்டு மாலும் அயனும் தேடிக் காணாமையையும், பத்தாம் பாட்டு சமண சாக்கியர் நெறி ஆகாமையையும் கூறும். ஈற்றில் திருக்கடைக்காப்பு பாடுவோர் பெறும் பயனைக் கூறும். இதனைக் கண்டு, ஊர்ப்பெயரையும் சோலை வருணனையையும் மாற்றி ஒரே அச்சில் வார்த்தவை இவை என்று இழித்துரைப்பாரும் உளர். சேக்கிழார் இதற்கு முன்னரே விடை கூறிவைத்தனர். பிழை செய்தோரும் அடைந்தால் பெருங்கருணை அவரையும் ஏற்கும் என்பதற்கு இராவணன் பாட்டு. தொழாது தம்மறிவாற் காணப் புகுவார்க்கு அவன் அகப்படான் என்பதற்கு மாலயன் பாட்டு. வேதநெறிக்குப் புறம்பான துறையை விலக்குதற்குச் சமண சாக்கியப் பாட்டு என அவர் பிரித்துரைத்தனர். ஒவ்வோரூர்க்கும் ஒவ்வொரு தத்துவம் உண்டென்றால் அன்றோ அச்சை மாற்றல் வேண்டும்? ஊர் பல, ஆங்காங்கு அருளுவோன் ஒருவன்.

இவ்வச்சு பாட ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவி பெரிது. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றில் ஏழாஞ் செய்யுள் சிதைந்துபோயிற்று என்னும் குறிப்பை அச்சுப் பிரதிகளிற் படிப்போர் பலமுறை கண்டிருப்பர். இழந்தது ஏழாவதென்று தெரிந்தது எவ்வாறு? இராவணன் பாட்டு எட்டாமிடத்து நிற்பது முறையாதலின், எண்ணிக்கையில் அஃது ஏழாவதாக வந்துழி, அதற்கு முன்னர் ஒன்று மறைந்ததென்பது பெறப்படும். செல்லரித்த ஏட்டில் எது போயிற்று என்பதைப் போகாமல் நின்ற அச்சு தெரிவிக்கின்றது. வாய்பாடு என்று இகழப்பட்டதே காவலாக நின்றமை காண்க.

அங்ஙனமாயின் அவ்வச்சு யாண்டும் செல்லுமோ எனின், செல்லாது. மதுரையில் ஏட்டில் எழுதி வையை நீரில் இடப்பெற்ற திருப்பாசுரத்தில் இராவணன் பாட்டு இல்லை. அச்சையே பற்றுவோன் ஈண்டும் ஒருபாட்டு மறைந்ததென்று உடுக்குறியிட்டுவிடுவான். அப்பதிகம் 12 பாட்டோடு முழுமையாக இருக்கின்றது என்பதற்குச் சேக்கிழாரே சான்று. வேறெப்பதிகத்துக்கும் இல்லாத சிறப்பாக, திருப்பாசுரத்தின் பாட்டுக்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் விரித்துச் சென்றனர். அவ்விரிவில் இராவணனுக்கு இடமில்லை. வாதில் எதிரே நிற்போர்க்குப் பொதுவுண்மையை நாட்டப் பாடியதில் அப்பாட்டு வேண்டப்படவில்லை போலும். விதியை அறிந்தவனே விதி தவிர்ந்த இடத்தையும் அறிவான்; அறியாதவனுக்குத் திருப்பாசுரமும் சிதைந்த பதிகமும் ஒன்றாகவே தோன்றும்.

ஊர்ப்பெயரை மாற்றி அதே அச்சில் புதிய பதிகங்கள் இயற்றுவோர் இன்றும் உளர். எட்டாமிடத்தில் இராவணன் தவறாது வருகின்றான். ஒன்பதில் மாலயன் வருகின்றனர். எழுத்தெண்ணிக்கை சரியாகவே இருக்கின்றது. ஆயினும் படித்து முடித்தபின் நெஞ்சில் ஒன்றும் நிற்பதில்லை. வாய்பாடு பாட்டைப் பிறப்பிக்குமாயின் இவையும் பாட்டாக வேண்டும்.

இனி இசையின்பால் வருவோம். இங்கே சான்றாவது 1ஆந் திருமுறையின் இறுதியில் நிற்கும் 136ஆவது பதிகம், யாழ்மூரி. திருத்தருமபுரத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், அவர் யாழில் இட்டு வாசித்தலாலேயே பிள்ளையாரின் பதிகங்கள் உலகிற் பரவின என்று பேசினர். அதுகேட்டு நடுங்கிய பாணர், யாழுக்கு அடங்காததொரு பதிகம் பாடியருளல் வேண்டுமென்று இரந்தனர். பாடியருளிய பதிகம் நரம்பிற் சேராதாகவே, பாணர் யாழை முறிக்கத் தொடங்கினர். பிள்ளையார் தடுத்து, அதனைத் தம் கையில் வாங்கி, சிவசத்தியின் பெருமை இக்கருவியில் முழுதும் அடங்குமோ, அடங்குமளவு வாசிப்பீராக என்று மீண்டும் கொடுத்தனர். பெரியபுராணம் கூறும் வரலாறு இதுவாகும்.

இரண்டாங் கொள்கையினர் இவ்வரலாற்றைத் தமக்கே உரிய படைக்கலமாகக் கொள்வர். இலக்கணத்தை உடைத்தெறிந்த பாட்டு இது என்பர். உண்மையில் உடைந்தது யாது? யாழின் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கே கட்டப்படுவது. வீணையிற் போல மெட்டின்மேல் நரம்பை இழுத்து அசைவு கொடுத்தற்கு அதில் இடமில்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூல் இக்கருவியின் அமைப்பைக் கணக்கோடு விளக்கிற்று. சுரத்தினின்று சுரத்துக்கு வழுக்கியும் அசைந்தும் செல்லும் குரலை, தனித்தனி நிற்கும் நரம்புகள் தொடர இயலாது. ஆதலின் பாணர் கைக்கு எட்டாது போனது குரலின் அவ்வசைவே என்று கொள்ளுதல் பொருந்தும். இப்பதிகத்தை ஓதுவார் இன்று அடாணா இராகத்தில் ஓதுகின்றனர். அவ்விராகத்தின் உயிர் அசைவிலேயே நிற்பதை இசையறிவோர் அறிவர். கருவிக்கு அடங்காமை வேறு, அளவுக்கு அடங்காமை வேறு. யாழை முறிக்கச் செய்த பதிகம் தன் கட்டளையை முறிக்கவில்லை. முதற்பாட்டு எந்தச் சந்தத்தில் எழுந்ததோ அச்சந்தத்திலேயே பின்வரும் பாட்டுக்களும் எழுகின்றன. முடிவுவரை ஒரு நடை.

பிள்ளையார் யாழை எறிந்துவிடச் சொல்லவில்லை என்பதே இவ்வரலாற்றில் யாவரும் விரைந்து கடந்துபோகும் பகுதி. அடங்குமளவு வாசிக்க என்று கையிற் கொடுத்தனர். பாணரும் பெற்றுத் தலைமேற்கொண்டு, அதன்பின்னும் உடனிருந்து வாசித்தே வந்தனர். திருநல்லூர்ப் பெருமணத்திலும் உடனிருந்தனர்.

சித்தாந்த நூல்கள் சொல்லின் தோற்றத்தைக் கூறுமிடத்து இவ்வழக்குக்கு வேண்டிய விளக்கமெல்லாம் அடங்கிக் கிடக்கின்றது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி எனச் சிவஞான சித்தியார் வாக்கை நான்காக வகுக்கும். பைசந்தியில் எழுத்தும் சொல்லும் வேறுவேறாகப் பிரியாது, மயின்முட்டையின் நீரில் பலநிறமும் பிரிவின்றி அடங்கியிருத்தல்போல அடங்கியிருக்கும். மத்திமையில் அவை வரிசைப்பட்டு உள்ளே நிற்கும்; பிறர் செவிக்கு எட்டா. வைகரியில் உயிர்ப்போடு கூடிப் புறத்தே கேட்கப்படும். இம்முறையைப் பாட்டின்மேல் வைத்து நோக்கினால், முன்பு கண்ட நீற்றறை வியப்பு ஒருவாறு விளங்கும். வரிசைப்பாடு வாயினின்று வெளிப்பட்டபின் ஏற்படுவதன்று. நாவசையுமுன் மத்திமையிலேயே அமைந்துவிடுகின்றது. ஆகவே, உணர்ச்சி முதலிற் பெருகி, பின்னர் அறிவு அதனைச் சீராக வெட்டி அமைத்தது என்னும் நினைப்புத் தவறு. எழுத்தை எண்ணி அடுக்கியபின் உணர்ச்சி அதனுட் புகுந்தது என்பதும் தவறு. மயிலின் பீலி, முட்டைக்கு வெளியே வந்தபின் எவரோ தீட்டிய வண்ணமன்று. பிரிவின்றி அடங்கிய அந்நீரே வரிசைப்பட்ட பீலியாகப் புலப்படுகின்றது.

ஆயின், இந்நான்கு வாக்கும் சுத்தமாயையின் காரியம் என்பதைச் சித்தாந்திகள் ஒருபொழுதும் மறத்தலாகாது. மாயை சடம். உள்ளிருந்து தானே எழுந்தது என்பதனாலேயே ஒருசொல் திருவருட்சொல் ஆகிவிடாது. இங்கேதான் இரண்டாங் கொள்கையினர் பெரிதும் வழுக்குகின்றனர். நூலாலும் கருவியாலும் அறிவது பாசஞானம். அவற்றை விட்டுத் தன்னையே முதலாகக் கொண்டு உயிர் அறிவது பசுஞானம். இவ்விரண்டானும் அறியப்படாத பதியை அவனருளே கண்ணாகக் காண்பது பதிஞானம். யாப்பும் இசையிலக்கணமும் பாசஞானத்தின்பாற் படும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். உள்ளக்கிளர்ச்சி என்று புகழப்படுவது எதன்பாற் படும்? கிளர்ந்த உள்ளம் உயிரினது. அதனைத் தனதென்று கொண்டாடுவதும் அவ்வுயிரே. பசுஞானத்தின் எல்லையை அது கடக்கவில்லை. இலக்கணம் வேண்டா, எனக்குத் தானே வரும் என்னும் சொல்லில் எனக்கு என்பதே ஓங்கி ஒலிக்கின்றது. கட்டளையைக் கற்றுப் பணிந்து பாடுவோனிடத்து உள்ள செருக்கு இதனினும் சிறிதாதல் கூடும்.

மெய்கண்டதேவர் ஐந்தாஞ் சூத்திரத்தில், ஐம்பொறிகள் புலன்களை அறிவது உயிரால். ஆயினும் அவை உயிரையும் அறியா, தம்மையும் அறியா. அதுபோல உயிர் அறிவது இறைவனால் என்று காட்டியருளினர். அவ்வுவமையை ஈண்டு ஒருபடி நீட்டலாம். இலக்கணம் பாட்டை அளக்கின்றது. தன்னை இயக்கி அளப்பிக்கின்ற உள்ளத்தை அது அறியாது. உள்ளம் பாடுகின்றது, தன்னைப் பாடுவிக்கின்ற முதலை, அம்முதல் உணர்த்தினாலன்றி, அது அறியாது. திருநாவுக்கரசர் முற்கூறிய பதிகத்தின் இரண்டாம் பாட்டில், தமக்குக் கல்வியும் அறிவும் எல்லாம் திருவைந்தெழுத்தே என்கின்றனர். அடிக்கு 12 எழுத்துத் தவறாத பாட்டு அதுவே என்பது முன்னரே காட்டப்பட்டது. தமது கல்வியைத் தமதன்றென்று வைத்தவிடத்தில் கல்வி அழிந்துபோகவில்லை. உரியவனுக்கு ஆட்பட்டு நின்றது. கண்ணை உயிருக்கு ஆட்பட்டதென்று கூறுவதனால் கண் குருடாவதில்லை அன்றோ?

இனிப் பாடந்திருத்தும் தொழிலுக்கு மீள்க. பழைய ஏடுகளிற் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். குறிலா நெடிலா, ஒற்றா உயிர்மெய்யா என்பதை ஏடு சொல்லாதவிடத்துக் கட்டளையே சொல்லவேண்டும். இலக்கணம் வேண்டா என்போர் அவ்வேட்டில் ஒருவரியையும் ஐயமறப் படிக்க இயலாது. மறுபுறம், 11 பாட்டும் பாட்டுக்கு நான்கடியுமாகிய பதிகம் ஒன்றில் 44 அடிகள் உள்ளன. ஓரடி பிழையெனத் தோன்றினால், காரிகையைத் திறக்குமுன் ஏனைய 43 அடிகளையும் வினாவுதல் வேண்டும். அவற்றுள் எங்கேனும் அவ்விலக்கம் மீண்டும் காணப்படுமாயின், அது பிழையன்று, அப்பதிகத்தின் இயல்பு. எங்கும் காணப்படாதாயின், அடுத்து ஓதுவாரை வினாவுதல் வேண்டும். தாளிற் குறைந்த மாத்திரை குரலின் நீட்டத்தில் நிரம்பியிருத்தல் பலகாலும் நிகழ்வது. இவ்விரண்டு வினாவுக்கும் விடை கிடையாதபோதே பிற ஏடுகளின் துணைகொண்டு திருத்தத்தைப் பற்றி எண்ணலாம். அதனையும் மூலத்திற் புகுத்தாது அடிக்குறிப்பில் வைத்தல் நன்று. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாகத் தி. வே. கோபாலையர் 1984, 1985ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தேவாரப் பதிப்பு, யாப்பையும் பண்ணையும் பாடத்தோடு உடன்வைத்து ஆராய்ந்த முறையால், இத்துறையிற் புகுவார் முதற்கண் பயிலத்தக்கது.

ஓதுவார் பயிற்சியிலும் இதுவே நெறி. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரையும், உடன் முழக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தி நிவந்தம் அளித்தமை அக்கோயிற் கல்வெட்டாற் புலனாகும். அன்பொன்றே அமையுமாயின் தாளக்கருவிக்கு இருவர் எதற்கு? சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில், ஓதுவார் மரபாக ஓதிவந்த ஓசையை முதற்சான்றாகக் கொண்டு நூல்களோடு ஒப்பிட்டமையே சிறப்பு. நூலை முதலாக வைத்து ஓதுவாரைத் திருத்தப் புகுந்திருந்தால், பழம்பஞ்சுரமும் காந்தாரமும் ஏட்டுப் பெயராகவே நின்றிருக்கும்.

தில்லையில் திருக்காப்பு நீக்கி எடுத்த ஏடுகள் செல்லரித்தவை போக எஞ்சியிருந்தும், பண் இன்னதென்று அறிவாரின்றி அரசனும் நம்பியாண்டார் நம்பியும் திகைத்து நின்றனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். பாட்டு முழுதும் கையில் இருக்க, பாடுமாறு தெரியவில்லை. அவர்கள் எருக்கத்தம்புலியூரை அடைந்து வேண்டினபோது, நம்பிக்கே பண்களைக் கனவில் உணர்த்திவிடுதல் இறைவற்கு அரியதன்று. அங்ஙனம் செய்யவில்லை. அவ்வூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்திக்கு அவற்றை அளித்துள்ளோம் என்று வானில் ஓர் ஒலி எழுந்தது. அளித்தது அருள், அளிக்கப்பட்ட இடம் நரம்பையும் சுரத்தையும் கைம்முறையாகப் பயின்றுவந்த பாணர் குடி. அவ்வம்மையாரைத் தில்லைக்கு அழைத்துச் சென்று பாடக் கேட்டு, இன்ன பண்ணுக்கு இத்தனை கட்டளை என்று எண்ணி வகுத்தனர்.